மூன்றாம் ஓலை

1816, ஜனவரி 30, செவ்வாய்

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை நாகப்பட்டினத்தில் சுங்கச்சாவடி எழுத்துக்காரர். மாசிலாமணி என்று பெயர். குடி இல்லை, சூது இல்லை, பொடி இல்லை, வெற்றிலைகூட இல்லை என்று அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை இல்லைகளுக்கு நடுவில் என்னதான் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதாகிறது. இந்தத் தரங்கம்பாடியில் என் வயதுப் பெண்கள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று கோயிலுக்கு வருகிறார்கள். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகள் சூசன்னாளுக்கு எழுத்தும் தெரியும், வாயும் நீளம், எவன் வருவான் என்று ஊர் பேசியது. வந்துவிட்டான். வந்துவிட்டார் என்று எழுத வேண்டும். பழகிக்கொள்வேன்.

லெந்து நோன்புக்காலம் தொடங்கிவிட்டால் உயிர்த்தெழுந்த திருநாள் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் எல்லாம் ஓட்டமும் நடையுமாக இருக்கிறது. வருகிற ஞாயிறு முதல் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசித்து, தடை அறிந்தவர் சொல்லலாம் என்பார்கள். காகிதத்தில் எழுதினாலும் பெயர் ஓலைதான். தடை சொல்ல எழுந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஒருவர் எழுந்தார், அவரும் தூக்கம் கலைந்து எழுந்தவர்.

பெரியம்மா காலையிலிருந்து எங்கள் வீட்டில்தான். ராகேல் பெரியம்மா என்றால் அம்மாவோடு ஒரு வயிற்றில் பிறந்தவள் இல்லை. ஐதர் படை வந்து ஊர்களெல்லாம் எரிந்த வருஷம், யார் பெற்றதென்றே தெரியாத இரண்டு சிறுமிகளை மிஷன்காரர்கள் கோட்டை வாசலில் எடுத்து ஒரே பாயில் படுக்கவைத்தார்கள். பெரியது சின்னதன் கையை விடவில்லையாம். அன்றிலிருந்து அக்கா, தங்கச்சி. கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் சண்டை போட்டுக்கொண்டதும் இல்லை, இப்படிச் சேர்ந்துகொண்டதும் இல்லை.

அந்த முறையில் பெரியம்மா மகன் பிலேமோன் எனக்கு அண்ணன். எனக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லாததால், கல்யாணத்தில் பெண்ணின் அண்ணனாக நின்று மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது அவன்தான். வெற்றிலை மாற்றும்போது எல்லோரும் அவனைத் தேடினார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினானாம். பெரிய வாத்தியாரே எங்கள் வீட்டில் பாக்கு மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும்போது சின்ன வாத்தியாருக்கு அப்படி என்ன வேலை? கண்டால் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 1, வியாழன்

மாவு இடித்தோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பிலேமோன் அண்ணன் இன்றும் வரவில்லை. நல்லது, வந்தால் முறுக்கு மாவைப் பச்சையாகவே தின்பான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

முதல் ஓலை ஆயிற்று.

வழக்கமாக ஓலை வாசிக்கிற உபதேசியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாதிரி ஐயா நல்லவர், ஆனால் அவர் வாயில் எங்கள் பெயர்கள் பிழைப்பதில்லை. அதனால் பிலேமோன் அண்ணனை வாசிக்கச் சொன்னார்கள். அவன் எழுந்து போனான், காகிதத்தைப் பிரித்தான், வாசித்தான். "வேதமுத்து வாத்தியார் குமாரத்தி சூசன்னாள்" என்று என் பெயரைச் சொன்னான். மாப்பிள்ளை பெயரைச் சொன்னான். தடை அறிந்தவர் இப்போதே சொல்லக்கடவர் என்று சபையை ஒரு சுற்றுப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துவிட்டான்.

ஒரு தடுக்கல் இல்லை. ஒரு இருமல் இல்லை. விலாசம் படிப்பதுபோல் படித்தான். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. எதற்கு வந்தது என்று தெரியவில்லை. நன்றாக வாசித்ததற்கு ஒருவன் மேல் கோபப்பட முடியுமா? நான் பட்டேன். வீடு வந்து இரண்டு தட்டைப் போட்டு உடைத்தேன். கல்யாணப் பெண்ணுக்குக் கை நடுக்கம் என்று பெரியம்மா சிரித்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

மாப்பிள்ளை வந்து போனார். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு தார் பூவன்பழம் கொண்டுவந்தார். உப்புக்கு எப்படித் தீர்வை போடுகிறார்கள் என்பதை அப்பாவுக்கு விளக்கினார். விளக்கிக்கொண்டே இருந்தார். கதவோரம் நின்று பார்த்தேன். சிரித்த முகம், சுத்தமான வேட்டி. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு குவளையைக் கீழே வைக்காமல் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வெறுக்க ஒரு காரணமாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் பெரிய சங்கடம்.

எதற்காகத் தேடினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனேன். கட்டுமரங்கள் வந்து இறங்கியிருந்தன. அங்கே பிலேமோன் அண்ணன் தோணிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆள் கேட்டிருக்கிறார்களாம், போகிறானாம். என்னிடம் அல்ல, தோணிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய் எதிரே நின்றேன்.

ஓலையை எப்படி அவ்வளவு நன்றாக வாசித்தாய் என்று கேட்டேன். வேறு எப்படி வாசிக்க வேண்டும் என்றான். தடுக்கியிருக்கலாம் என்றேன். தடுக்கினால் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களா என்று கேட்டு மணலைக் காலால் கிளறிக்கொண்டே நின்றான். சின்ன வயதில் இதே இடத்தில் நண்டு என் கட்டைவிரலைக் கவ்வியது, இவன் உருண்டு உருண்டு சிரித்தான், நான் ஒரு வாரம் பேசவில்லை. அப்போதெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் கோபப்படக் காரணம் இருந்தது.

மோதிரம் யார் போடுவது என்று கேட்டேன். வேறு யாராவது போடட்டும் என்றான்.

"நீதானே அண்ணன்?"

"அப்படிக் கூப்பிடாத, சூசா. இனிமே வேணாம்."

அவ்வளவுதான் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொன்னான். அதற்கு மேல் அவனும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை.

மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். ஏன் என்று அம்மா கேட்டாள். மீன் நாறிப்போயிருந்தது என்றேன். அப்போதுதான் கடலிலிருந்து இறங்கிய மீன்.

பிப்ரவரி 9, வெள்ளி

தலைவலி.

பிப்ரவரி 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. உபதேசியார் தொண்டை இன்னும் திறக்கவில்லை. பிலேமோன்தான் வாசித்தான். என் பெயர் வரைக்கும் சரியாக வந்தான். மாப்பிள்ளை பெயர் வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது. முன்வரிசைக்கே கேட்கவில்லை. உபதேசியார் தொண்டை இவனுக்கும் ஒட்டிக்கொண்டது, மிளகுக் கஷாயம் போட வேண்டும் என்று பெரியம்மா என் காதில் சொன்னாள்.

தடை அறிந்தவர் உண்டோ என்று கேட்டபோது அவன் சபையைச் சுற்றிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்ன சொல்ல முடியும்? எந்த வாயால் சொல்ல முடியும்? பேச்சு வந்த நாளிலிருந்து இந்தச் சபை முழுக்கக் கேட்க அவனை அண்ணா என்று கூப்பிட்ட வாய் இது.

மேலே 'பிலேமோன்' என்று மட்டும் எழுதியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். 'அண்ணன்' என்று சேர்க்கப் பேனாவை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

என் வாயாலேயே கெட்டேன்.

மத்தியானம் அம்மாவும் பெரியம்மாவும் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பிழிந்துகொண்டிருந்தேன். ராத்திரி தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் எரிச்சல். அம்மா ஏதோ சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் புகைய ஆரம்பித்தது. பெரியம்மா பக்கம்தான் விறகு இருந்தது.

"அத்தை, தீயைக் கொஞ்சம் இழுங்க" என்றேன்.

சொன்னது எனக்கே தெரியவில்லை. சிரிப்பு நின்ற பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா என்று பத்தொன்பது வருஷம் கூப்பிட்டவளை அத்தை என்று கூப்பிட்டிருக்கிறேன். பெரியம்மா மகன் அண்ணன். அத்தை மகன் கட்டிக்கொள்ள முறையுள்ளவன். இந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். வேறு எந்த வார்த்தையை உளறியிருந்தாலும் தூக்கக் கலக்கம் என்று போயிருக்கும்.

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மகன் ஏன் யாழ்ப்பாணம் போகிறான், ஏன் சோறு இறங்கவில்லை, ஓலையில் ஏன் குரல் அடைத்தது என்று அத்தனையும் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. சட்டியில் முறுக்கு கருகியது. யாரும் எடுக்கவில்லை. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். போகிறேன் என்று சொல்லவில்லை. அவள் அப்படிப் போனதே இல்லை.

பிப்ரவரி 14, புதன்

பெரியம்மா வரவில்லை. முறுக்கு அப்படியே கிடக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

எழுதிவிடுகிறேன். எனக்கு அவன் வேண்டும். எப்போதிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணன் என்ற சொல் ஒரு போர்வை மாதிரி மேலே கிடந்தது, அதற்கு அடியில் என்ன வளர்கிறது என்று நான் தூக்கிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். வருகிற வியாழன் கல்யாணம்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அடுப்பங்கரையில் உட்கார்ந்து என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"எனக்குப் பெத்தவ முகம் தெரியாது. ஊரு தெரியாது. அக்கான்னு ஒருத்தி இருக்கா, அதுதான் எனக்குத் தெரியும். அவ அக்கா இல்லேன்னா நான் யாருடி?"

நீளமான வாய் என்று பெயர் வாங்கியவள், விறகு எடுத்துவரக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

அப்பா சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்தார். யார் யாரை மணக்கக் கூடாது என்று கதவருகே ஒரு பலகை தொங்குகிறது, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை மேலிருந்து கீழ் வரைக்கும் படித்துவிட்டு வந்திருக்கிறார். ரத்தத்தில் சொந்தமில்லாதவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பலகையில் இல்லாதது ஊர் வாயில் இருக்கிறது என்று அடுத்த மூச்சில் சொன்னார். கொடுத்த வாக்கு வேறு இருக்கிறது. அப்பா பல் விளக்க மறந்தாலும் வாக்கை மறக்க மாட்டார்.

பிப்ரவரி 17, சனி

பிலேமோன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தான். திங்கட்கிழமை தோணி. கல்யாணம் வரைக்கும் இருக்க மாட்டானாம். அப்பா அவன் தோளைத் தட்டிவிட்டு, ஏதோ எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். கூடத்தில் அவன், கதவுக்கு இந்தப் பக்கம் நான். கதவு திறந்துதான் இருந்தது.

என்னை விட்டுவிட்டா போகிறாய் என்று கேட்டேன். வெட்கம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, வெட்கப்பட இனி நாள் எங்கே இருக்கிறது?

அவன் கண் சிவந்திருந்தது. தூங்கியிருக்க மாட்டான்.

"எங்கம்மாவுக்கு உலகத்துல ஒரே ஒரு சொந்தம். உங்கம்மா. அதையும் நான் பிடுங்கிப் போடணுமா, சூசா?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எல்லோரும் எல்லோருக்காகவும் பார்க்கிறீர்கள், எனக்காகப் பார்க்க ஒருவரும் இல்லையா என்று கேட்டேன். அவன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே வெகுநேரம் நின்றான். செருப்பு காலடியிலேயே இருந்தது.

நாளைக்கு மூன்றாம் ஓலை. அதோடு முடிந்தது. நாளைக்கு நான் எழுந்து நிற்கப் போகிறேன். பெண்பிள்ளை கோயிலில் வாய் திறந்தால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. ஆண்டவரே, முழங்காலுக்கு மட்டும் பலம் கொடும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உபதேசியார் தேறிவிட்டார், அவரே வாசித்தார். பிலேமோன் ஆண்கள் பக்கம் கடைசியில் இருந்தான். அம்மா என் வலப்பக்கம். பெரியம்மா எப்போதும் அம்மா பாயில்தான் உட்காருவாள். இன்று தூணுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

தடை அறிந்தவர் சொல்லக்கடவர் என்றதும் எழுந்தேன். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். தலைப்பு அவள் கையிலேயே இருந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். தடை இருக்கிறது என்றேன். என்ன தடை என்று உபதேசியார் கேட்டார். எனக்குச் சம்மதம் இல்லை என்றேன். இதையெல்லாம் வீட்டில் சொல்ல வேண்டும், இங்கே அல்ல என்று அவர் அதட்டினார். பாதிரி ஐயா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். வேறு யார் மேலாவது உனக்கு மனமா, பெண்ணே என்று அவருடைய தமிழில் கேட்டார். ஆம் என்றேன். யார் என்றார். அந்தப் பெயர் மட்டும் வரவில்லை.

ஆண்கள் பக்கம் பிலேமோன் எழுந்து நின்றான். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை நின்றான்.

தேன்கூட்டில் கல் விழுந்தது போல் ஆயிற்று. அண்ணன் தங்கச்சியா, ஐயோ, அடுக்குமா என்று நாலு பக்கமும் சத்தம். ஒரு கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். பாதிரி ஐயாவுக்குப் புரியவில்லை. இவர்களுக்கு ஒரே தாயா என்று கேட்டார். இல்லை என்றார்கள். ஒரே தகப்பனா? இல்லை. பின்னே எப்படி அண்ணன் தங்கை? தாய்மார் இருவரும் அக்கா தங்கை என்றார்கள். அப்படியா என்று அவர் பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

அம்மா என் சேலைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வாழ்க்கை முடிந்தது. அவள் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால் அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்காது.

தூணுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா எழுந்தாள்.

"ஐயா, எனக்குத் தங்கச்சி கிடையாது. நேசம்மா என் கூடப் பொறந்தவ இல்ல. கோட்ட வாசல்ல எம் பக்கத்துல உட்கார்ந்திருந்த புள்ள. அவ்வளவுதான்."

பெரியம்மா அம்மாவைப் பார்க்காமல் சிலுவையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பொய் சொல்பவள் சிலுவையைப் பார்ப்பாளா? பொய் இல்லைதான். அதைவிடப் பெரிய பொய்யும் உலகத்தில் இல்லை.

உண்மைதானா என்று பாதிரி ஐயா அம்மாவைக் கேட்டார். ஊரே அம்மாவைப் பார்த்தது. அவள் என் சேலைத் தலைப்பை விட்டாள்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது என்று பாதிரி ஐயா சந்தோஷமாகக் கேட்டார். நல்ல செய்திக்கு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

இன்றைக்குத்தான் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். அப்பா நாகப்பட்டினம் போய்த் திரும்பினார். மாசிலாமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல் ஓலைக்கு முன்பே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாராம். அப்பாவை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டாராம். திட்டியிருந்தால் அப்பாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. நல்ல மனிதருக்கு நாங்கள் செய்தது நல்ல காரியம் இல்லை.

தோணி திங்களன்றே போய்விட்டது. பிலேமோன் போகவில்லை. எங்கள் இருவருக்கும்தான் கல்யாணம் என்று பாதிரி ஐயாவிடம் அப்பா சம்மதம் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 28, சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது. இனி உயிர்த்தெழுந்த திருநாள் கழித்துத்தான் எங்கள் ஓலை. அதற்குள் ஊர் என்னவெல்லாமோ பேசுகிறது. வாயால் இல்லை என்று சொன்னால் முறை இல்லாமல் போய்விடுமா, நாளைக்கே இரண்டும் ஒரே பாயில் உட்கார்ந்து அக்கா தங்கச்சி என்று கொஞ்சும், அப்போது பார்க்கலாம் என்கிறார்கள். அப்படி ஒரு தடவை கேட்டால் போதுமாம், எங்கள் ஓலையின்போது எழுந்து தடை சொல்ல ஆள் தயாராக இருக்கிறார்களாம்.

பெரியம்மா வருவதில்லை. அம்மா போவதில்லை.

மார்ச் 20, புதன்

பயமாக இருக்கிறது. பிலேமோனைத் தெருவில் பார்த்தால் தலை குனிந்து போகிறேன், பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு. அவனும் அப்படித்தான் போகிறான். எல்லாரையும் உடைத்துவிட்டு எனக்கென்று எதைக் கட்டப் போகிறேன் என்று சில நேரம் தோன்றுகிறது. அவன் வேண்டாம் என்று மட்டும் ஒரு நேரமும் தோன்றவில்லை.

அம்மாவிடம் கேட்டேவிட்டேன். பெரியம்மா மேல் அவ்வளவு கோபமா, ஒரு நடை போய்ப் பார்க்கக் கூடாதா என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கோவம் என்னடி கோவம். வாயத் தொறந்தா அக்கான்னுதான் வரும். அது யாரு காதுலயாவது விழுந்தா உன் கதி என்ன? அதான் போகல."

நான் வெளியே போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 14, உயிர்த்தெழுந்த திருநாள்

கோழிக் குழம்பு வைத்தாள் அம்மா. எத்தனை வருஷமாகவோ முதல் கிண்ணம் பெரியம்மா வீட்டுக்குப் போகும். இன்று அதைத் தனியாக ஊற்றிவைத்தாள். பிறகு குழம்புச் சட்டியிலேயே திரும்பக் கொட்டிவிட்டாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

எங்கள் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. பிலேமோன், சூசன்னாள். இரண்டு பெயரும் அடுத்தடுத்து வந்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. தடை அறிந்தவர் சொல்லக்கடவர் என்றார் உபதேசியார். ஒருவரும் எழவில்லை. ஆனால் ஒருவரும் இறங்கிப் போகவும் இல்லை. ஆராதனை முடிந்தும் வாசலில் கூட்டம் கலையவில்லை. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரியம்மா வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். அம்மா என் கையை விட்டுவிட்டு நேரே அவளிடம் போனாள். நான் ஜெபம்கூட மறந்துபோய் நின்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாடி, போடி, உனக்கு அறிவிருக்கா, சோறு தின்னியா என்று ஆயுசு முழுக்கப் பேசியவர்கள்.

"சம்பந்தியம்மா, சௌக்கியமா இருக்கீங்களா?" என்றாள் அம்மா. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பெரியம்மாவின் கை பாதிவரை நீண்டு, பிறகு தன் முந்தானையைப் பற்றிக்கொண்டது.

"இருக்கேங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"

கூட்டம் மெல்லக் கலைந்தது. ஓலைக்கும் பலகைக்கும் பாதிரி ஐயாவுக்கும் கட்டுப்படாத ஊர், அந்த 'ங்க'வுக்குக் கட்டுப்பட்டுவிட்டது. இனி அடுத்த இரண்டு ஓலைக்கும் யாரும் எழ மாட்டார்கள். பிலேமோன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்தான். சிரிக்கலாமா என்று கேட்பதுபோல் இருந்தது அவன் முகம். எனக்கும் தெரியவில்லை.

அம்மா திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து கதவைச் சாத்தும்வரை அழவில்லை.